அம்மா ஏறாத ஜீப்

மே 12, திங்கள்

அப்பா இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். தெருவில் ஜீப் இன்னும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ கேட்ட கேள்விக்கு ஓம், ஓம் என்று தலையாட்டுவது போல.

யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிருசாந்தன் அண்ணா, "ஜீப்பாவது கேட்டதுக்குப் பதில் சொல்லுது, உன்னைப் போல இல்லை" என்பான்.

மே 14, புதன்

அப்பா அம்மாவை டூட்டிங்குக்குச் சாமான் வாங்கக் கூட்டிப்போனார். திரும்பி வந்த அம்மா நேரே குளியலறைக்குப் போனார். சத்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

"இஞ்சேருங்கோ, அந்த வண்டிலை வித்துப்போடுங்கோ."

"ஷொக் அப்சோபர் பழுதாப் போட்டுது, அஞ்சலீனா. அதுதான் ஆட்டம். புதுசு பூட்டினா மிதந்து போகும்."

"மிதக்க அது என்ன வள்ளமோ?"

கடைசியில் ஓர் உடன்பாடு. அந்தோனியார் பெருநாளன்று மட்டும் அம்மா ஜீப்பில் கோயிலுக்கு வருவார். வயிற்றைக் குமட்டினால் ஜீப் விற்கப்படும். குமட்டாவிட்டால் இருக்கும். அப்பா பெரிய மனிதர் போல ஒப்புக்கொண்டார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

விற்றால் நான் எதில் ஓட்டப் பழகுவது? கொலிச்சை விட்ட பிறகு ஒரேயொரு முறை டிரைவிங் பாடத்துக்குப் போனேன். படிப்பிக்க வந்தவர் என் வாயைத் திறக்க வைப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். என்ன பிடிக்கும், என்ன சாப்பாடு, ஏன் படிப்பை விட்டாய். அடுத்த வாரம் எனக்குத் தலையிடி. அதற்கடுத்த வாரமும். அப்போதுதான் அப்பா, "ஜீப்பில பழகு பிள்ளை, நான் கதைக்க மாட்டன்" என்றார்.

எனக்கு ஓட்டப் பழகவேண்டும். வேறு எதையும் இவ்வளவு விரும்பியதில்லை. ஓட்டுகிறவளை யாரும் முகம் பார்த்துப் பேசச் சொல்ல மாட்டார்கள். அவள் ரோட்டைத்தான் பார்க்கவேண்டும், அதுதான் சட்டம்.

மே 17, சனி

அப்பாவும் நானும் ஜீப்பைச் சோதித்தோம். ஒரு மூலையை அமத்தி விடவேண்டும். ஒரு தரம் எழும்பி நின்றால் ஷொக் நல்லது. எங்களுடையது எழும்பி, இருந்து, யோசித்து, மீண்டும் எழும்பியது. கீழே படுத்துப் பார்த்தேன். பின் ஷொக் இரண்டும் எண்ணெய் வழிந்து, அதில் மண் ஒட்டிக் கறுத்திருந்தன.

காடு மலையில் ஓடவென்று செய்த வண்டி இது. எங்கள் சட்டன் ஊரில் அது ஏறுகிற மலையெல்லாம் கவுன்சில் தெருவுக்குக் குறுக்கே போட்ட மேடுகள்தான்.

ஆனால் பின்னால் இருக்கிற பாரத்தையும் சொல்லவேண்டும். கோயிலின் பெரிய சமையல் கிடாரம், பெரிய காஸ் அடுப்பு, மடக்குக் கதிரைகள். மண்டபத்துக் களஞ்சிய அறையில் குழாய் வெடித்தபோது இவற்றைக் "கொஞ்ச நாளைக்கு" என்று ஜீப்பில் ஏற்றினார்கள். அறை எப்போதோ காய்ந்துவிட்டது. கிடாரம் இறங்கவில்லை. கிடாரம் யாரிடமோ அவர்தான் பெருநாளுக்கு இறைச்சிக்கறி சமைப்பார், அதுதான் காரணம். பங்குச் சபை றூபினி மாமி ஒவ்வொரு பூசை முடியவும் வந்து கேட்பார், "அண்ணை, கிடாரம் சுகமோ?" அப்பாவும் சிரித்துக்கொண்டே, "சுகம், சுகம். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது" என்பார்.

மே 19, திங்கள்

ஷொக் விற்கிற கடைக்கு ஈமெயில் எழுதினேன். போன் எடுக்க ஏலாது என்னால். எந்த வருட வண்டி, உயர்த்தியிருக்கிறதா, பின்னால் வழமையாக எவ்வளவு பாரம் என்று கேட்டு மறுமொழி வந்தது.

"நல்ல பாரம் எண்டு எழுது," என்றார் அப்பா. "எப்பவும் எண்டும் எழுது."

அண்ணா வந்து எட்டிப் பார்த்தான். "பாரம் கூடினதைப் போடுங்கோ அப்பா. பாரத்தைத் தாங்கிறதுதானே அதின்ரை வேலை."

இல்லை. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் துள்ளும், ஷொக் அந்தத் துள்ளலை அடக்கும். அதை அவனுக்குச் சொன்னேன். ஒரு முழு வசனம் பேசிவிட்டேன் என்று கைதட்டினான்.

"அப்ப இந்த வீட்டில அம்மா ஸ்பிரிங், நீ ஷொக்," என்றான்.

அம்மா குசினியிலிருந்து, "என்னடா என்ரை பேர் அடிபடுது?" என்றார். ஸ்பிரிங்.

பாரம் கூடிய வண்டிகளுக்கான இறுக்கமான ஷொக்கைத்தான் தெரிவுசெய்தோம். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. எப்போதும் சோடியாகத்தான் மாற்றவேண்டும்.

மே 28, புதன்

பெட்டி வந்தது. அம்மா தனக்கு ஏதோ வந்ததென்று ஆசையாக உடைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப மூடி வைத்தார்.

மே 30, வெள்ளி

துருப்பிடித்த நட்டுகளுக்கு இன்றும் எண்ணெய் அடித்தேன். அப்பா வந்து ஒருமுறை செபம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டில் ஒன்றாவது வேலை செய்யும்.

மே 31, சனி

பூட்டிவிட்டோம். முழங்கையில் தோல் இல்லை.

அப்பாவுக்குத் தோள் ஏலாது. ஒப்பரேசன் செய்த கை தலைக்கு மேலே போகாது. ஆகவே அப்பா கட்டளை, அண்ணா பலம், நான் கீழே. அச்சுக்கு ஜக் வைத்து, சில்லைக் கழற்றி, பழையதின் கீழ் நட்டை இழுத்தேன். அசையவில்லை. மேலே உள்ளது அசைந்தது, ஆனால் தண்டும் சேர்ந்து சுற்றியது. தண்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டை இன்னொன்றால் திருப்பவேண்டும். எனக்கு மூன்றாவது கை தேவைப்பட்டது. அண்ணாவின் கையைக் கேட்டேன். அந்தக் கையில் தேத்தண்ணி இருந்தது.

பழையது கழன்று வந்ததும் கையால் அமத்திப் பார்த்தேன். ஒரு எதிர்ப்பும் இல்லை. போன இடத்திலேயே நின்றது.

புதிய ஷொக் சுருங்கி, ஒரு பட்டியால் கட்டியபடி வரும். இரண்டு பக்கமும் கொழுவிய பிறகுதான் பட்டியை வெட்டவேண்டும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நான் வாயைத் திறப்பதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் எப்போதும் கொஞ்சம் நேரம் இருக்கும். அந்த இடைவெளியில் அண்ணா கத்தரிக்கோலால் வெட்டிவிட்டான்.

தண்டு மெதுவாக, மிக மரியாதையாக, எழும்பியது. அண்ணா அதை அமத்தினான். அது அவனை எழுப்பியது. அப்பா நல்ல கையால் சேர்ந்து அமத்தினார். நானும். அது சாய்ந்துகொண்டு நழுவியது.

அம்மா குசினி யன்னலைத் திறந்தார். "மூண்டு பேரும் ஒரு குழாயோட மல்லுக்கட்டுறியளோ? பக்கத்து வீட்டு மனிசி படம் எடுக்கிறா."

உண்மையாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகப் பூட்டினோம். மற்ற மூன்றின் பட்டிகளையும் நான்தான் வெட்டினேன். கத்தரிக்கோலை என் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன். கீழ் நட்டுகளை அரைவாசி இறுக்கி, வண்டியை நிலத்தில் இறக்கி, அதன் பாரம் சில்லில் வந்த பிறகே முழுதாக இறுக்கினேன். தொங்கும்போது இறுக்கினால் உள்ளே இருக்கிற றபர் முறுகிக்கொண்டே இருக்கும், கெதியில் கிழியும்.

"ஆர் சொன்னது உனக்கு?" என்றார் அப்பா.

ஷொக்கோடு வந்த தாளில் படமே போட்டிருக்கிறது. ஒருவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 1, ஞாயிறு

மிதக்கிறது! மேட்டில் ஏறி இறங்கியது தெரியவில்லை. பின்னால் கிடாரம் ஒரு முனகல்கூட இல்லாமல் இருந்தது. அப்பா பாட்டுப் பாடினார். அம்மாவைக் கூப்பிட்டோம். "சொன்னது சொன்னதுதான். பெருநாளண்டு பாப்பம்," என்று பஸ்ஸில் பூசைக்குப் போனார். நாங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் மிதந்து போனோம்.

ஜூன் 14, சனி

நாளை பெருநாள். அம்மாவுக்காக எங்கள் ஜீப்பை வெறுமையாக்க, கோயிலுக்கு வருகிற டெனுசன் அண்ணா வந்து கிடாரத்தையும் அடுப்பையும் கதிரைகளையும் எங்களுடையதைப் போன்ற தன் ஜீப்பில் மண்டபத்துக்குக் கொண்டுபோனார். குழாய் வேலை செய்கிறவர், அவர் வண்டி எப்போதும் இரும்பும் தரை ஓடுமாக நிறைந்திருக்கும். அப்பாவும் கூடவே சமைக்கப் போய்விட்டார். ஒரு கையால் எப்படிக் கிண்டுவார்?

பின்னேரம் ஜீப்பைக் கழுவினேன். உள்ளே வெறுமையாக, அழகாக இருந்தது. அம்மாவின் இருக்கைக்குப் புது உறை போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவே மனமில்லை.

அம்மா நீலச் சேலை கட்டி, மடியில் ஒரு சட்டி வட்டிலப்பத்தோடு ஏறினார். முதல் மேடு. டங். ஜீப் ஆடவில்லை, உண்மை. அடித்தது. பின்பக்கம் மரக்கட்டை போலத் துள்ளி, அம்மாவின் கொண்டை கூரையில் இடித்தது. இரண்டாவது மேடு. வட்டிலப்பம் நீலச் சேலைக்கு வந்தது. அப்பா மெதுவாக, இன்னும் மெதுவாக ஓடினார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். கிடாரத்தோடு மிதந்த அதே ரோடு, அதே ஷொக்.

கோயில் முற்றத்தில் அம்மா இறங்கி, சேலையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"நாளைக்கே," என்றார்.

 றூபினி மாமி வந்தார், இன்னும் இரண்டு மாமிமார் வந்தார்கள், ஈரத் துணி வந்தது. எல்லோரும் நின்றார்கள்.  ஜீப் ஏன் அடித்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது மேட்டிலேயே தெரிந்துவிட்டது. சொல்லு, சொல்லு என்று எனக்கே சொல்லிக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமோ? வீட்டுக்குப் போனால் விற்கிற கதைதான் இருக்கும்.

"அம்மா," என்றேன். "ஜீப்பில பிழை இல்லை. பாரம் இருந்தாத்தான் அந்த ஷொக் அமந்து குடுக்கும். நாங்கள் அதைக் கிடாரத்துக்கெண்டு வாங்கினனாங்கள். உங்களுக்கெண்டு வாங்கேல்லை."

 என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அம்மா துடைப்பதை நிறுத்தினார். பிறகு அப்பாவிடம் மிக அமைதியாக, "கேட்டியளோ? கலியாணம் கட்டின நாளிலயிருந்து நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்றார்.

முதலில் சிரித்தது றூபினி மாமி. கடைசியில் சிரித்தது அப்பா. ஆனால் சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. கறி நல்லாயிருந்தது. கிண்டியது டெனுசன் அண்ணாவாம், அப்பா பக்கத்தில் இருந்து உப்புப் பார்த்தாராம். தந்தையர் தினமும் இன்றுதானாம். வாழ்த்த மறந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

"நாளைக்கே" வந்தது. ஜீப் இன்னும் தெருவில்தான் நிற்கிறது.  பெருநாள் முடிந்து ஏற்றிய கிடாரம் டெனுசன் அண்ணாவின் ஜீப்பிலேயே இருக்கிறது. அதைத் திரும்ப ஏற்றினால் இந்த ஷொக் சரி. ஏற்றாவிட்டால் வேறு பூட்டவேண்டும். இவ்வளவுதான் கணக்கு. அப்பாவுக்கு இது கணக்கு இல்லை.

நான் நேற்றுப் பேசியிருக்கக்கூடாதோ?

ஜூன் 19, வியாழன்

டெனுசன் அண்ணா போன் எடுத்துக் கிடாரத்தை எங்கே இறக்க என்று கேட்டார். அப்பா போனைக் காதில் வைத்தபடி யன்னலால் ஜீப்பைப் பார்த்தார். அம்மா பாத்திரம் கழுவுகிற தண்ணீரை நிறுத்தினார்.

"மண்டபத்தில இறக்கு தம்பி. அறை காஞ்சிட்டுது."

பிறகு, "உன்ரை ஜீப்புக்கு நல்ல இறுக்கமான ஷொக் வேணுமோ? பின்னுக்கு ரண்டு இருக்கு. ஒரு பெருநாள்தான் ஓடினது" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிய றூபினி மாமி வந்தார். அப்பா முந்திக்கொண்டார். "கிடாரம் சுகமோ, தங்கச்சி?"  முந்திக்கொண்டதை ரசித்துக்கொண்டே அப்பா வீடு வரைக்கும் வந்தார்.

ஜூலை 5, சனி

கடைக்கு நானே ஈமெயில் எழுதி எடுத்த சாதாரண ஷொக் இரண்டையும் பின்னுக்குப் பூட்டினேன். பின்னால் வழமையாக என்ன இருக்கும் என்ற கேள்விக்கு, "அம்மா" என்று எழுதினேன். அம்மா எவ்வளவு நிறை என்று அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. நல்ல கடை.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா பின்னால்தான் இருப்பேன் என்று ஏறினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, சத்திக்கு. நான் பின்கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. பிறகு பார்த்தேன். ரவுண்டபவுட்டுக்கு முன்னமே நித்திரை. வாய் திறந்திருந்தது.

பூசைக்கு எழுப்பினோம். திரும்பும்போது மறுபடி ஏறியதும் நித்திரை. விற்கிற கதையை ஒருவரும் எடுக்கவில்லை. அப்பா வீட்டுக்குத் திரும்பாமல், பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் போகும்வரை கோயில் கார் பார்க்கிலேயே காத்திருந்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, சுற்றி என் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"அங்காலை போ," என்றார் மெதுவாக. "கொம்மாவை எழுப்பிப்போடாதை."

நான் மாறி இருந்தேன். திறப்பைத் திருப்பி எஞ்சினை இயக்கினேன். அப்பா பக்கத்தில் ஏறி இருந்தார், சொன்னபடியே ஒன்றும் கதைக்கவில்லை.

கிளச்சை மெதுவாக விட்டேன்.