பதின்மூன்றாவது பொம்மை

அன்புள்ள அப்பாவுக்கு,

தமிழினி எழுதுகிறேன். உங்கள் இருமல் தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி எங்கள் பல்கலைக்கழக அரங்கில் நாடகமும் கவியரங்கமும் நடக்கின்றன. கவிதை வாசிப்பவர்களில் என் பெயரும் இருந்தது. அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறார் என்று விழாச் செயலாளரிடம் சொல்லித் தொலைத்தேன். உடனே என்னை நினைவுப்பரிசு வேலையில் போட்டு, அழைப்பிதழிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். கேட்டால், "நீயும்தான் தட்டு தூக்கிட்டு மேடை ஏறப்போற, அப்புறம் என்ன?" என்கிறார். எரிச்சல் அடங்கவே இல்லை.

பொம்மைக் கம்பெனியில் எல்லாரிடமும், "எம் பொண்ணு கவிதை படிக்கப்போவுது" என்று சொல்லியிருப்பீர்கள். இதை அவர்களிடம் சொல்லாதீர்கள்.

வாசிக்கும் பன்னிரண்டு பேருக்கும் பொம்மை வேண்டுமாம். வைக்கோல் சுற்றி பஸ்ஸில் போட்டுவிடுங்கள். தபால் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். பெட்டியில் பதின்மூன்றாவதாக ஒன்று வையுங்கள். அது எனக்கு.

உங்கள் மகள்,
தமிழினி