வாடிக்குப் போன நாள்

என்னங்க,

நேற்று அலமாரியின் மேல்தட்டில் கிடந்த பாயை இழுத்தேன். பாயோடு சேர்ந்து ஒரு ஷாம்பு பாட்டிலும் உருண்டு வந்து என் நெற்றியிலேயே விழுந்தது. பாட்டிலின் இடுப்பைச் சுற்றி உங்கள் தங்கூசி நரம்பு, நுனியில் ஒரு தக்கையில் குத்தி வைத்த தூண்டில் முள். ஊரிலிருந்து நீங்கள் கொண்டுவந்தது. இத்தனை காலம் ஆகியும் அதில் மத்தி மீன் நாற்றம் போகவில்லை. “துணியோட இதை வைக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்லுதேன்” என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். நான் ஏசினால் “சரி புள்ள, சரி புள்ள” என்று சொல்லிக்கொண்டே பொருளை வேறொரு தப்பான இடத்தில் கொண்டுபோய் வைப்பீர்களே, அதற்கும் இப்போது ஆள் இல்லை.

பாய் எதற்கென்றால், எங்கள் ஆஸ்பத்திரியின் இளம் நர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து இன்றைக்கு வாதிக்குப் போவதாகத் திட்டம். “சிஸ்டர், நீங்களும் வாங்க, ஒரு பாய் மட்டும் எடுத்துட்டு வாங்க” என்று வாட்ஸப்பில் வந்தது. வாதி என்று எழுதியிருந்ததைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டால், இந்த ஊரில் அதைச் சொல்லிப் புரியவைக்க ஒருத்தரும் கிடையாது. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் என் விசாவில் ஷார்ஜாவுக்கு வந்த புதிது அது. கடலில் பிறந்து கடலில் வளர்ந்த மனிதரை மூன்றாவது மாடியில் கொண்டுவந்து பூட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டது. கடல் என்னவோ பக்கத்தில்தான் இருந்தது. அதில் இறங்கித் தொழில் செய்ய உங்களுக்கு விசா இல்லை. பெண்டாட்டி விசாவில் வந்தவர் வேலை பார்க்கக் கூடாது என்று அதிலேயே அடித்திருந்தார்கள். காலையில் நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது ஜன்னலோரம் நிற்பீர்கள். திரும்பி வரும்போதும் அங்கேதான் நிற்பீர்கள். யாராவது போனில் கேட்டால், “எனக்குக் கபீல் என் பொண்டாட்டிதான், அவ சொன்னா இருப்பேன், போன்னா போவேன்” என்று சொல்லிச் சிரிப்பீர்கள். விசா எடுத்துத் தருகிற அரபி முதலாளியைத்தான் எல்லாரும் கபீல் என்பார்கள். நீங்கள் என்னைச் சொன்னீர்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் போனை வைத்த பிறகு உங்கள் முகத்தில் அந்தச் சிரிப்பு தங்காது.

அப்போதுதான் விசா புதுப்பிக்கும் நேரமும் வந்தது. ஊரில் உங்கள் அண்ணன் வள்ளத்துக்கு ஆள் இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இருக்கிறீர்களா, போகிறீர்களா? நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். கேட்கும்போதெல்லாம், “பாப்போம் புள்ள” என்பீர்கள். பிள்ளை குட்டி இல்லாத நமக்கு, நீங்கள் போய்விட்டால் நான் பழையபடி ஒற்றைக் கட்டில். நீங்கள் இருந்தால் உங்களுக்கு அது ஜெயில். எதைக் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டரில் இருந்த செல்வி, புஜைரா மலைப் பக்கம் ஒரு வாதி, அதாவது மலை இடுக்கு ஓடை, இருக்கிறது, மழை பெய்ததில் தண்ணீர் நிற்கிறதாம், காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம் என்றாள். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அவள். மலையைப் பார்க்காமல் கை கால் ஓடாது. அவள் புருஷன் ரவியிடம் கார் இருந்தது. உங்களுக்கும் ஊர் கொஞ்சம் பிடித்துப்போகட்டும் என்று ஒரு நப்பாசையில் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து உங்களிடம், “லீவு நாள்ல எல்லாரும் வாடிக்குப் போறோம்” என்றேன். வாதி என்பதைப் பலகையில் இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் வாடி என்றுதான் சொல்வோம். கேட்டுக் கேட்டு எனக்கு அது அரபிச் சொல்லாகவே ஆகிவிட்டிருந்தது. உங்கள் காதில் அது எப்படி விழும் என்று நான் யோசிக்கவே இல்லை. மாதக்கணக்கில் வாடிக் கிடந்த உங்கள் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. “நெசமாவா? இங்கனயும் வாடி போட்டிருக்கானுவளா?” என்று கேட்டீர்கள். ஆமாம், இங்கே வாடிக்கு என்ன பஞ்சம் என்று நானும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து தயாராக நின்றீர்கள். கையில் ஒரு பெரிய பை. புளியோதரை நான் கட்டியிருந்தேன், பிறகு அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டதற்கு, “சும்மா வா” என்றீர்கள். வழி நெடுக நீங்கள் பேசிய பேச்சு! தைத் என்ற ஊரைத் தாண்டியதும் மணல் போய் மலை வந்தது. செல்வி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, “எங்க மலைய உரிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்க அண்ணே, ஒரு பச்சை இல்ல பாருங்களேன்” என்றாள். நீங்கள் மலையைப் பார்க்கவில்லை. மசாபியில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது ரவியிடம், “தம்பி, கரைவலையா, இல்ல செவுள் வலையா?” என்று கேட்டீர்கள். அவர் ஏதோ ஜோக் என்று நினைத்துச் சிரித்து வைத்தார். எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

தார் ரோடு முடிந்து, கூழாங்கல் பாதையில் கார் குலுங்கிக் குலுங்கி நின்றது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். நடுவில் வெள்ளை வெள்ளையாக உருண்டைக் கற்கள். ஒரு ஆடு மட்டும் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நீங்கள் இறங்கி நின்று மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

“வாடி எங்கட்டி?”

“இதான்.”

“இதுல கடல் எங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் ஊர்க் கரையில் ஓலைக் குடில் போட்டு, வலையும் கருவாடும் காயப்போட்டு, ஆட்கள் தங்கி மீன்பிடிப்பார்களே, அந்த வாடி. நீங்கள் அதற்குத்தான் கிளம்பி வந்திருக்கிறீர்கள். பையைத் திறந்து காட்டினீர்கள். தங்கூசி சுற்றிய பாட்டில், மீன் அறுக்கும் கத்தி, ஒரு பொட்டலம் கல் உப்பு, மாற்றிக் கட்ட ஒரு சாரம், தலையில் கட்டத் துண்டு. இரைக்கு ஃபிரிஜ்ஜிலிருந்த மத்தியைக் கூட விடவில்லை.

செல்வி பாறை மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரவி சிரிப்பை அடக்கப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பினார். நானும் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். “மலைக்குள்ள தூண்டில் போட வந்த மொத ஆளு நாந்தான்” என்று உங்களையே கேலி பண்ணிக்கொண்டீர்கள். ஆனால் தங்கூசி பாட்டிலை எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளிவிட்டு நீங்கள் பையை மூடியதை நான் பார்த்தேன். அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மனிதர் ஊருக்குத்தான் போவார் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன்.

அவர்கள் இரண்டு பேரும் மேலே ஏறப் போனார்கள். நாம் பாறைகளுக்கு நடுவில் தேங்கிய குட்டை ஓரமாக உட்கார்ந்தோம். தண்ணீர் பச்சையாக, தரை தெரியும்படி தெளிந்து கிடந்தது. நீங்கள் காலை உள்ளே விட்டதும் விரல் நீளம் கூட இல்லாத மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தத் தொடங்கின. காலை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். “இத்தனை வருசம் நான் தின்னேன். இப்ப அதுவ தின்னட்டும்” என்றீர்கள். கேட்டுக்கொண்டே நான் புளியோதரையைப் பிரித்தேன். அந்தப் பாறை இடுக்கில் நாம் மெல்லுகிற சத்தமே பெரிதாகக் கேட்டது.

“விசாவ கேன்சல் பண்ணிரவா?” என்று நானே கேட்டேன். குரலை நர்ஸ் குரலாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

சம்பந்தமே இல்லாமல், “நான் வாரதுக்கு முந்தி, லீவு நாள்ல நீ என்ன செய்வ?” என்றீர்கள்.

“என்ன செய்வேன். தூங்குவேன்.”

“பூரா நாளுமா?”

“துணி துவைப்பேன். நீங்க கரை ஏறிட்டீங்களான்னு போனையே பாத்துட்டு இருப்பேன். உங்க வள்ளம் வந்து, நீங்க மீன எடை போட்டு, வீட்டுக்குப் போயி, போன்ல பேசுறதுக்குள்ள எனக்கு அடுத்த டியூட்டி வந்துரும்.”

“யாரும் கூட இருக்க மாட்டாவளா?”

“யார் இருக்கா?”

சாதாரணமாகத்தான் சொன்னேன். நம் கலியாணத்துக்குப் பிறகு அத்தனை வருடம் நான் இங்கே தனியாக இருந்தது உங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் நான் வெள்ளை உடுப்பில், ஏசிக்குள், ஊர் மெச்ச இருக்கிறேன் என்றுதான் உங்களுக்குத் தெரியும். நீங்கள் குட்டைக்குள் இருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மிச்சப் புளியோதரையை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, “விசா அடிச்சிரு” என்றீர்கள்.

“வள்ளம்?”

“வள்ளத்துக்கு அண்ணன் இருக்காவ. ஒனக்கு யாரு இருக்கா?”

இதைச் சொல்லும்போது நீங்கள் என் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. நான்தான் அழுதேன். மத்தி நாறுகிற துண்டை எடுத்து என் மடியில் போட்டீர்கள்.

சொன்னபடி இருந்தீர்கள். மூன்றாவது மாடியை ஒரு மாதிரி உங்கள் கரையாகவே ஆக்கிக்கொண்டீர்கள். விடிந்ததும் மீன் மார்க்கெட்டுக்குப் போவதும், ஏலம் கூறுகிற வங்காளிகளோடு அரைகுறை இந்தியில் சண்டை போடுவதும், நான் டியூட்டி முடிந்து வரும்போது குழம்பு கொதிப்பதும் வழக்கமாயிற்று. லீவு நாள் என்றால் எங்காவது கிளம்பிவிடுவோம். போன் எங்கே கிடக்கிறது என்று கூடத் தெரியாது. வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த காலம் அதுதான். உங்களுக்கும் அப்படியா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், “பசிக்கி, சோத்தப் போடு” என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

ஒரு நாள் காலை மீன் அறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். பக்கத்து ஃபிளாட்காரர்கள் சத்தம் கேட்டு ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். நான் டியூட்டியில் வேறு யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் நெஞ்சை இந்தக் கையால் அழுத்தியிருக்கிறேன். உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உடலை ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் விசாவை ரத்து செய்ய வேண்டும் என்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, கபீல் வந்திருக்கிறாரா என்று கேட்டாள். நான்தான் என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தவள், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். போ என்று நான் சொல்லவே இல்லையே என்று அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. எந்த மொழியில் சொல்வது?

இன்று அந்த வாதிக்குப் போய் வந்தேன். நாம் போன அதே இடம்தான். செல்வி ஊருக்கே போய்விட்டாள், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. பிள்ளைகள் பாட்டுப் போட்டு ஆடினார்கள், பாறைக்குப் பாறை நின்று படம் எடுத்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். எனக்குத் தட்டில் பிரியாணி வைத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் பேச்சை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் மழை இல்லை. நம் குட்டை வற்றி, பாறையில் வெள்ளைக் கோடு மட்டும் கிடந்தது. அதன் ஓரத்தில் பாயை விரித்து உட்கார்ந்தேன். பாய் இருவருக்குமான பாய். அதில் ஒருத்தியாக உட்கார்ந்தால் எந்தப் பக்கம் உட்காருவது என்றே தெரியவில்லை.

உங்கள் அண்ணன் வாராவாரம் போன் பண்ணுகிறார். “இனி அங்கன யாரு இருக்கான்னு கெடக்க? வந்துரும்மா” என்கிறார். நியாயமான கேள்விதான். என் விசாவும் முடிகிற நேரம். ஆனாலும் அதைப் புதுப்பிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை, உங்களிடம் சொல்லலாம். ஊரில் நீங்கள் எல்லாருக்கும் சொந்தம். கோயிலுக்கு, கரைக்கு, அண்ணனுக்கு, கூடத் தொழில் செய்தவர்களுக்கு என்று பங்கு போட்டபிறகுதான் எனக்கு. இங்கே நீங்கள் எனக்காக மட்டும் இருந்தீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டிட வாட்ச்மேன், அந்தச் சிட்டகாங் பெரியவர், தினமும் மீன் பையோடு வருகிற உங்களுக்கு மச்லி பாய், மீன்கார அண்ணன், என்று பேர் வைத்தாரே, அதே கணக்கில் எனக்கு மச்லி பாயின் மேடம் என்று பேர் வைத்தார். ஆஸ்பத்திரியில் நான் சிஸ்டர். ஊரில் நர்சம்மா; அங்கே உங்களைத்தான் நர்சம்மா புருசன் என்பார்கள். இந்த உலகத்தில் என்னை உங்கள் பேரால் கூப்பிடுகிற ஒரே மனிதர் அவர். இன்றைக்குப் பாயும் பையுமாக உள்ளே வந்தபோதும், “மச்லி பாய் கா மேடம், லிஃப்ட் கராப்” என்றார். லிஃப்ட் கெட்டுக் கிடப்பதைச் சொல்ல அவர் அப்படிக் கூப்பிட்டதற்கே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

வருகிற வாரம் அவரும் லீவில் ஊருக்குப் போகிறாராம். திரும்பி வருவீர்களா என்று கேட்டேன். வயதாகிவிட்டது, பிள்ளைகள் போதும் என்கிறார்கள், இன்ஷா அல்லா பார்ப்போம் என்றார்.

“கண்டிப்பா வந்துருங்க பாய்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.