தையல் பிரிவுக்கு ஒரு பெட்டி மிட்டாய்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி என்றார். எடை ஏறுவதும் தாடையில் முடி முளைப்பதும் அதன் கைங்கரியமாம். கவனிக்காமல் விட்டால் சர்க்கரை நோய் வரலாம், குழந்தை பிறக்கத் தாமதமாகலாம் என்றார். மாத்திரை தந்து, தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தையல் கம்பெனி கட்டிங் மாஸ்டர், பெண் கேட்டு வரலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டார். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனாலும் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனையையும் அவர் தலையில் கட்டலாமா?

உன் குட்டி

மார்ச் 15

என் செல்லக் குட்டிக்கு,

அவருக்காகக் கேள்வியும் நீயே, பதிலும் நீயேவா? பெரிய மனுஷிதான். என் பக்கத்து வீட்டுக்காரிக்கும் இதே பிரச்சினைதான். அவள் பிள்ளைகள் இரண்டும் நேற்று என் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் நிற்கின்றன.

விஷயத்தைச் சொல். முடிவை அவரிடம் விடு. அதுவரை ஒழுங்காக நட. உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாதா?

அன்புடன்,
அக்கா

ஜூன் 2

அன்பு அக்கா,

நடக்கிறேன். செருப்பு தேய்ந்துவிட்டது, இடுப்புதான் இன்னும் யோசிக்கிறது.

நேற்று வேலைக்கு நடுவில் மாதவிடாய் வந்துவிட்டது. தலைகால் புரியவில்லை எனக்கு. சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் ஒரு பெட்டி மிட்டாய் வாங்கித் தையல் பிரிவு முழுக்கக் கொடுத்தேன். நான் மட்டும் வெள்ளரிக்காய் தின்றேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் நல்ல விஷயம் என்று மட்டும் சொன்னேன். அது போதாதா? சாயங்காலத்துக்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலையும் கிடைத்துவிட்டது.

இதைக் கேட்ட கட்டிங் மாஸ்டர் ஒரு அடுக்குத் துணி முழுவதையும் சட்டையின் இடது கையாகவே வெட்டித் தள்ளிவிட்டார். வலது கை இல்லாத சட்டைகளை யார் வாங்குவார்கள்? சூப்பர்வைசர் திட்டித் தீர்த்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு மாஸ்டரின் மேஜைக்குப் போய், கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்து, மிட்டாய் எதற்கு என்பதுவரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். அவர் கத்தரியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குழந்தை லேட்டாகலாமாம்," என்றேன்.

"கல்யாணமே லேட்டாயிட்டிருக்கு. முதல்ல அதப் பாப்போம்," என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அக்கா. ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. நீ உடனே டிக்கெட் போடு.

உன் குட்டி