பாதி இறக்கிய ஷட்டர்

இராயபுரம்
ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு

அன்பு மகன் சாவியோவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் கடையும் சுகமாக இருக்கிறோம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் உன் கழுத்துவலியும் எப்படி இருக்கிறீர்கள், மறைக்காமல் எழுது. போன் இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்பாய். வாய்ஸ் அனுப்பினால் அதையும் எடுத்து, நீ வரைந்து நெட்டில் விடுகிற படத்தில் போட்டுவிடுகிறாயே, அதனால்தான். உன் மழைப் படத்தில் ஒண்டியாக இருக்கிற ஆள் அறையில் ஒரு ரேடியோ ஓடுமே, அதில் ஓடுவது பாட்டு இல்லை, மொத்தக் கடைக்காரன் கயிற்று விலையை ஏற்றிவிட்டான் என்று நான் உன்னிடம் புலம்பிய புலம்பல். அதைக் கேட்டுத் தேம்பி அழுதேன் என்று எந்த நாட்டிலோ ஒரு பெண் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாள். கயிற்று விலைக்கு அழவேண்டியவள் நான். ஆகையால் இதைப் பேனாவால் எழுதி, லீவு முடிந்து அங்கே வான்கூவருக்குத் திரும்புகிற நம் டெரிக் மாமா மகள் டெபோராவிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இறால் ஊறுகாயும்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கிறது. வலை சரிபார்க்கிறவர்களும் பெயிண்ட் அடிக்கிறவர்களும் கயிறு, மிதவை, தார்ப்பாய் என்று கேட்டு வந்துகொண்டே இருப்பதால் பகல் போவது தெரிவதில்லை. சாயங்காலம் கடையைப் பூட்டி வீட்டுக்கு வந்தால்தான் பொழுது நகரமாட்டேன் என்கிறது. சோற்றைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து உன் படத்தைப் போடுவேன். உன்னுடையது முடிந்ததும் அதுவே மற்றவர்கள் படத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது, நானும் நிறுத்துவதில்லை, பாத்திரம் கழுவும்போதும் ஓடவிட்டுவிடுவேன், வீட்டில் ஒரு சத்தம் வேண்டுமே. இப்படியே பார்த்துப் பார்த்து, வீட்டில் தனியாக உட்கார்ந்து படம் வரைந்து ஆடவிடுகிற உன் கூட்டத்தைப் பற்றி எனக்கும் ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டது. பெரிய கம்பெனி போடுகிற கார்ட்டூன் படம் எனக்கு ஒட்டவில்லை, எல்லாம் பளபளப்பு, செய்தவன் கை எங்கேயும் தெரிவதில்லை. இந்த ஒண்டிக்கட்டைகள் போடுவதில் கோடு நடுங்குகிறது, நிறம் ஓரத்தைத் தாண்டிப் போகிறது, பார்த்ததும் ஒரு ஆள் போட்டது என்று தெரிகிறது. களிமண்ணில் ஒரு நரி செய்து அது சூப் வைப்பதாக ஒருவன் போட்டிருந்தான், அந்த நரியின் காதில் செய்தவன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது, அந்தக் காதுக்காகவே நாலு தடவை பார்த்தேன். நிழல் மட்டும் முன்னால் எழுந்து வேலைக்குப் போய்விடுகிற பெண் ஒருத்தியின் படமும் பிடித்தது, எனக்கும் சில காலை அப்படித்தான் இருக்கிறது.

குறையும் சொல்வேன், சரக்கை வாங்குகிறவள் சொல்லாவிட்டால் யார் சொல்வது. எல்லாப் படத்திலும் மழை, எல்லாப் படத்திலும் ஒரு ஜன்னல், ஒரே பியானோவை ஊரெல்லாம் கடன் வாங்கி வாசிப்பதுபோல ஒரே வாசிப்பு. ஒருவருக்கும் வாடகை கிடையாது, கொள்முதல் கிடையாது, ஜன்னலில் உட்கார்ந்தே பிழைப்பு நடந்துவிடுகிறது. அப்புறம், யாரும் பேசுவதில்லை. பாஷை இல்லாமல் இருந்தால்தான் உலகம் பூராவும் பார்க்கும் என்று நீ சொன்னாய், வியாபாரமாகப் பார்த்தால் அது சரி. ஆனால் பாதிப் பேர் வாயே வரையாமல் விட்டுவிடுகிறீர்களே, அது எனக்குப் பயமாக இருக்கிறது. கடைசியில் யாராவது செத்துப்போக வேண்டும், இல்லையென்றால் பறவையாகிப் பறந்துபோக வேண்டும். படத்தை முடிக்கத் தெரியாதவன்தான் ஆளைக் கொல்லுகிறான் என்பது என் கட்சி. அந்த நரிக்காரனுக்குக் கீழே, மகனே நீ சாப்பிட்டாயா என்று நான் தமிழிலேயே எழுதிவிட்டேன். எந்த ஊர்க்காரனோ, அதை மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறான், அன்றைக்கே பதில் போட்டான், சாப்பிட்டேன் அம்மா, பீட்ரூட் சூப் என்று. நீ என் மெசேஜுக்குப் பதில் போட இரண்டு நாள் ஆகிறது. சண்டைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னேன்.

இனி உன் புதுப் படத்துக்கு வருகிறேன். ஒரு கூடை நைலான் நூலை வைத்துக்கொண்டு துறைமுக வாசலில் உட்கார்ந்த நாளிலிருந்து போணி விஷயத்தில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். முதல் வியாபாரம் கைராசி உள்ளவர் கையால் ஆகவேண்டும், அப்போதுதான் அன்றைய நாள் ஓடும். உன் முதல் படத்தை, அந்தத் துறைமுக கிரேன் கழுத்தைத் திருப்பிக் கடலைப் பார்க்க ஆசைப்படுகிற படத்தை, வெளியே விடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பி, அம்மா நீ போணி பண்ணு என்றாய். நான் ஷட்டரைத் தூக்கி, சாம்பிராணி போட்டு, நின்றுகொண்டே பார்த்தேன். அதிலிருந்து ஒவ்வொரு படமும் நான் கடை திறக்கிற நேரத்துக்குத்தான் வந்தது. இந்தப் படம் மட்டும் வரவில்லை. எதிரில் டீக்கடை வைத்திருக்கிற அஜீசாதான் போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். யக்கா, இத்த பாரு, நம்ம சாவியோ போட்டுக்கிறான், அச்சு அசல் உன்ன மாரியே கீது, ஆனா நீ எப்பக்கா இவ்ளோ அமைதியா இருந்த என்றாள். மீன் கூடையோடு நின்றிருந்த குப்பம்மாவும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். படம் முடிந்ததும், இன்னாக்கா, உன் புள்ள உன்னியே சாவடிச்சிட்டு சோறு துன்றானா என்று ஒரு போடு போட்டாள். அஜீசா அவளை அதட்டினாள். நான் சிரித்தேன். நாலு கயிற்றுக் கட்டை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் அடுக்கினேன்.

கீழே எழுதியிருப்பதை எல்லாம் அஜீசா படித்துக் காட்டினாள். உங்கள் அம்மாவின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று பிரேசிலிலிருந்து ஒருவர், கொரியாவிலிருந்து ஒரு பெண், தன் அம்மாவும் போன மாதம்தான் போனார் என்று இன்னொருவர். கல்லாவில் உட்கார்ந்து எனக்கு வந்த துக்க விசாரிப்பை நானே கேட்டுக்கொண்டேன், இந்தக் கொடுப்பினை யாருக்கு வாய்க்கும். நான் நல்லாத்தான் கீறேன்னு நீயே ஒரு வரி போட்டு வுடுக்கா என்றாள் அஜீசா. வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். உன் வியாபாரம் கெட்டுப்போகும். அழுதவர்கள் ஏமாந்த மாதிரி ஆகிவிடும்.

உனக்குத் தேவைப்படும் என்பதால் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா வெள்ளைச் சேலை கட்டி நீலக் கதவில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே நரைத்துப் போகிறாள். நான் எந்தக் கதவில் நின்றேன். உன் அப்பா போனபோதுகூட வெள்ளை கட்டாதவள் நான். நம் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியாது, கன்டெய்னர் லாரிதான் வரிசையில் நிற்கும். நீ போட்ட வெள்ளைப் பறவையும் நம் பக்கம் கிடையாது, காக்காய்தான். காத்துக்கொண்டு நிற்கிற அம்மாவை உன் கூட்டத்தில் எல்லோரும் வரைகிறார்கள், பாதி நாட்டுக்காரர்களுக்கு ஒரே அம்மாதான் போலிருக்கிறது. எனக்குக் காத்திருக்க நேரம் இல்லை, ஆள் வந்தால் கயிறு அளக்கவேண்டும். ஆனால் ஒன்று, அந்த அம்மாவுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கூடை சுமந்து எனக்கு இறங்கியது அது, வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நீ அதை எப்போது பார்த்து வைத்தாய். அந்தத் தோளுக்காக நீ செய்த மற்ற தப்பையெல்லாம் மன்னிக்கலாம், ஒன்றைத் தவிர.

படத்தில் அந்த அம்மாவின் சவ ஊர்வலம் தெருவில் வருகிறது, இரண்டு பக்கமும் கடைகள் முழுசாகச் சாத்தியிருக்கின்றன. அப்படி நம் ஊரில் நடக்காது. நம் கடைத்தெருவில் ஒரு வியாபாரி போய்விட்டால், பெட்டி காசிமேட்டுக் கல்லறைக்குப் போகிற வழியில் ஒவ்வொரு கடையிலும் ஷட்டரைப் பாதிக்கு இறக்குவார்கள். கடைக்காரர் வெளியே வந்து படியில் நிற்பார். பெட்டி தாண்டியதும் திரும்ப ஏற்றிவிடுவார்கள். முழுசாகச் சாத்தினால் வியாபாரம் ஓய்ந்தது என்று அர்த்தம், போனவருக்கே அது மரியாதை இல்லை. உன் அப்பாவை அப்படித்தான் கொண்டுபோனோம். நீ பத்தாவது படித்தாய், சிலுவைக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டு நடந்தாய், அஜீசாவின் மாமியார் டீ பாய்லரை அணைத்துவிட்டுப் படியில் நின்றார். அதை நீ மறந்துவிட்டாய். மறந்ததற்குக் கோபம் இல்லை, தூரம் போனால் மறக்கும்.

படத்தில் நான் சாவதற்கும் எனக்கு வருத்தம் இல்லை, சாவு எல்லோருக்கும் உண்டு, எனக்குக் கல்லறையில் உன் அப்பா பக்கத்திலேயே இடம் இருக்கிறது. என்னைக் குத்தியது அதற்கு அடுத்தது. அந்த மகன் எங்கோ குளிர் ஊரில் மேசைமேல் போனை வைத்து ஊர்வலத்தைப் பார்க்கிறான், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்துவிடுகிறான், அதோடு படம் முடிகிறது. குப்பம்மா சொன்னமாதிரி நீ என்னைச் சாகடிக்கவில்லை. நீ வரப்போவதில்லை என்பதற்கு மனதைப் பழக்கிக்கொண்டிருக்கிறாய். வரைந்து வரைந்து அது உனக்குச் சுலபமாகிவிட்டது. அதனால்தான் இந்தப் படத்துக்கு என்னைப் போணி பண்ண விடவில்லை, என் முகத்தைப் பார்த்து அனுப்ப உனக்குத் தைரியம் இல்லை. நான் நினைப்பது தப்பு என்றால் எழுது, சந்தோஷப்படுவேன்.

ஊருக்கு வா என்றபோது, அங்கேயே தங்குவதற்கான பேப்பர் இன்னும் வரவில்லை என்றாய் முதலில், நியாயம். போன வருஷம் லீவு இல்லை என்றாய், இருக்கலாம். பேப்பர் எல்லாம் தை மாதமே வந்துவிட்டது என்று டெபோரா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. அப்பா இல்லாத வீட்டுக்கு வர உனக்குப் பயமாக இருக்கலாம், வந்தால் திரும்பிப்போக மனம் வராதோ என்று பயமாகவும் இருக்கலாம். கடையை விட்டு அங்கே வந்துவிடு என்றால் நான் வரமாட்டேன், அந்த மழையில் உன்னோடு சேர்ந்து நானும் வாய் இல்லாமல் ஜன்னலில் உட்காரவேண்டியதுதான். இங்கேயே இருந்துவிடு என்று உன்னையும் கேட்கமாட்டேன். உன் தொழில் அங்கே, என் தொழில் இங்கே. ஆனால் இந்த வீட்டில் ஒருவரும் என்னோடு பேசுவதில்லை, சாவியோ. நான் பேசுகிற பேச்சு உன் படத்து ரேடியோவில் மட்டும்தான் கேட்கிறது. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

அதனால் ஒரு யோசனை. தடை முடிந்து படகெல்லாம் கடலுக்குக் கிளம்புகிற வாரத்துக்கு டிக்கெட் போடு. பத்து நாள் போதும். ஒருநாள் விடியலில் கடைக்கு என்னோடு வா, ஷட்டரை நீ தூக்கு, என் முழங்காலுக்கு அது இப்போது கனக்கிறது. பிறகு வெளியே போய் வாடிக்கைக்காரன் மாதிரி வந்து நின்று ஒரு முழம் கயிறு வாங்கு, அன்றைக்கு உன் கையால் போணி ஆகட்டும். கல்லாப் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்த்து வரை, சேலை நிறத்தைச் சரியாகப் போடு, வாயையும் போடு. பாதி ஷட்டர் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதே, எனக்காக இறக்கும்போது நான் அதைப் பார்க்கப்போவதில்லை, நீதான் பார்க்கவேண்டும், அதுவும் போனில் இல்லை. முழுசாக ஏறுவதை மட்டும்தான் என்னால் உனக்குக் காட்ட முடியும்.

ஊறுகாயை எண்ணெய் மிதக்கும்படி வை, ஈரக் கரண்டி போடாதே, நின்றுகொண்டே சாப்பிடாதே. உன் எல்லாப் படத்திலும் அந்த ஆள் பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறான், அது யார் என்று எனக்குத் தெரியும். டிக்கெட் போட்டதும் எனக்கு முதலில் சொல், அப்புறம்தான் டெபோராவுக்கு. மாதா உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும், உன் கழுத்துவலி எனக்கு வரட்டும்.

இன்னமும் உயிரோடு, கடையில் இருக்கிற
உன் அம்மா
அடைக்கலமேரி