ஊருக்கு ஒரு கதவு

அன்புத் தம்பி,

ஜெயித்துவிட்டோம்! தலைகால் புரியாத சந்தோஷத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்.

வட்டாரம் முழுக்க மனம் நொந்த இளைஞர்களுக்கு உதவி மையங்கள் அமைக்கத் திட்டமிடும் குழுவில் நான் இருப்பது உனக்குத் தெரியுமே. இன்று கடைசிக் கூட்டம். எடுத்த எடுப்பிலேயே தலைவர் முட்டுக்கட்டை போட்டார். "பெரிய ஊர்ல ஒரே கட்டடமாக் கட்டிடுவோம்மா. தேவைப்படுற பசங்க தேடி வரமாட்டாங்களா?"

"முங்குறவன் தானே நீந்திக் கரைக்கு வந்துட்டா, அப்புறம் கயிறு எதுக்குங்க?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. அப்போதுதான், உதவி தேடி இரண்டு பஸ் மாறிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பையனைப் பற்றிச் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. வரும் வழியில் அவன் பாலத்தில் நின்றதையும் சொல்லவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பையன் இப்ப எப்படிம்மா இருக்கான்?"

"அவனுக்குப் பொண்ணு பொறந்திருக்குங்க. போன வாரம்தான்."

என் குரல் காட்டிக்கொடுத்துவிட்டதோ என்னவோ, முதலில் உயர்ந்தது அவர் கைதான். பிறகு எல்லாக் கைகளும்.

இனி ஊருக்கு ஊர் ஒரு மையம். பொழுது சாய்ந்தாலும் திறந்திருக்கும், பேச ஆள் இருக்கும். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவா என்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வாசலிலேயே என் மருமகளை என் கையில் தந்துவிட வேண்டும், சொல்லிவிட்டேன்!

இப்படிக்கு,
ஒரே வாரத்தில் அத்தையாகி, ஊரையும் ஜெயித்துவிட்ட
உன் அக்கா