மழை விழுகிற மண்ணும் ஏரிதான்

மரக்காணம்
9-12-1976

பிரியமுள்ள மாமாவுக்குத் தெய்வநாயகி எழுதுவது. நான் நல்ல சுகம். வயிற்றில் இருப்பவரும் சுகம். விடிந்தால் உதைக்க ஆரம்பித்துவிடுகிறார், இந்தப் பிடிவாதம் யார் பக்கத்துச் சொத்தோ தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் உப்பளத்தில் வேலை நின்றுவிட்டது. பாத்திகளெல்லாம் மூழ்கிக் கிடக்கின்றன. அம்மா வீட்டில்தான் இருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. போன மாதம் செங்குன்றத்திலிருந்து திரும்பியதும் நான் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், மறைக்கவில்லை. ஏரிக் காவலுக்கு லஸ்கர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அத்தனை பேர் பார்க்க, கட்டிய பெண்டாட்டியை விசில் ஊதித் தண்ணீரிலிருந்து கரையேற்றிய லஸ்கர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். நான் வேண்டுமென்றா செய்தேன்? அளத்தில் வேலை செய்கிறவர்கள் நல்ல தண்ணீரைக் கண்டால் முதலில் காலைத்தான் நனைப்போம். உப்பு அரித்த கால், தானாக இறங்கிவிடும்.

அதுவும் எவ்வளவு தண்ணீர்! நம் ஊரில் கண்ணுக்கு எட்டிய தண்ணீரெல்லாம் உப்பு. கடலும் உப்பு, கழுவெளிச் சதுப்பும் கரிக்கும். நல்ல தண்ணீர் என்றால் குடத்தளவு, மிஞ்சினால் கிணற்றளவு. அக்கரை தெரியாத அந்தத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. நம்பாமல் இன்னொரு தரம் வைத்துப் பார்த்தேன். உடம்பே சிலிர்த்துப்போனது. அந்த மயக்கத்தில் இறங்கியவள்தான் உங்கள் விசிலுக்கு அகப்பட்டேன்.

சாயங்காலம் கரைமேல் கூட்டிப்போய் வரத்துக் கால்வாய்களைக் காட்டினீர்கள். தண்ணி நிக்கிற எடம் மட்டும் ஏரி இல்ல, அந்தாண்ட மழ விழுந்து ஓடியாற மண்ணு பூராவும் ஏரிதான் என்று சொன்னீர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனே தவிர, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் காட்டிலும் மேட்டிலும் புல்தரையிலும் விழுந்த மழை ஒன்றுகூடி இங்கே வந்து நிற்கிறது என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

மறுநாள் பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தெருக்குழாயில் தண்ணீர் குடிக்கப் போனேன். மூட்டை தூக்குகிறவர்கள், பூக்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரே கூட்டம். ஒரு குழந்தை இரண்டு கையையும் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. அது உங்கள் ஏரியிலிருந்து வருகிற தண்ணீர் என்று அதற்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அங்கேயா காலை வைத்தோம் என்று வெட்கமாகிவிட்டது. நீங்கள் ஊதியது நியாயம்தான். ஊதிவிட்டு என்னை முறைத்தீர்களே, அதை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

இனி அண்ணன் விஷயம். கலியமூர்த்தி அண்ணன் அந்தக் கால்வாய் மேட்டில் எருமைக் கொட்டகை போட்டதே, மாப்பிள்ளைதானே அங்கே லஸ்கர் என்ற தைரியத்தில்தான். சாணியும் மூத்திரமும் மழையோடு ஏரிக்குப் போகிறது, பிரித்துவிடுங்கள் என்று நீங்கள் சொன்னதிலிருந்து இங்கே அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ள கொட்டாய்ல கைய வச்சாருன்னா நீ இந்த வூட்ல புள்ள பெத்துக்க முடியாது என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். அண்ணனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு இல்லாத பெண் நம் தெருவில் யார் இருக்கிறாள்? நான் அழுதேன்.

அதை அண்ணனே அங்கே வந்து சொன்னாராம். உனக்காகக் கொட்டகையைப் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் வேண்டாம் மாமா, பிரிக்கச் சொல்லுங்கள். கால்வாய்க்குத் தண்ணீர் போகாத வேறு இடமாக நீங்களே அண்ணனுக்குப் பார்த்துக் கொடுங்கள். அவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் கொடுங்கள்.

என் புடவைகளை மடித்து வைத்துவிட்டேன். உங்கள் குடிசை ஒழுகுகிறது என்றீர்களே, கூரையை மாற்றி வையுங்கள். பக்கத்தில் மருத்துவச்சி இருக்கிறாளா என்றும் விசாரியுங்கள். தை பிறப்பதற்குள் வந்து என்னை அழைத்துப் போங்கள். வாசலிலேயே நின்றுவிடாமல் உள்ளே வந்து, அம்மா காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள். அவர்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை. தனியாக இந்தப் படியை இறங்கினால் நான் அழுதுவிடுவேன். நீங்கள் கூட இருந்தால் அழமாட்டேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
தெய்வநாயகி