ஊசி படாத விரல்கள்

வாதி ஸைத்தூன், 12 பிப்ரவரி 2001

அன்புள்ள நஸீஹாவுக்கு, மப்ரூகாவின் சலாம்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குத் திரும்பியதும் சிநேகிதியை மறந்துவிட்டாய். போகட்டும். நீ வீடு வீடாக எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பின் முடிவு வந்துவிட்டது. நம் ஊர்ப் பெரியவர்களில் சர்க்கரை நோய் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தானாம்! “நம்ம ஆலிவ் எண்ணெய்னா சும்மாவா!” என்று கடைத்தெருவில் ஒரே பீற்றல். அதனாலேயே வியாழன்தோறும் வந்த சர்க்கரை டாக்டரையும் நிறுத்திவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் அம்மாருக்குக் காலில் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. உன் சோதனையில் அவருக்குச் சர்க்கரை எவ்வளவு இருந்தது?

உன் மப்ரூகா

ஸ்ஃபாக்ஸ், 20 பிப்ரவரி

மப்ரூகா,

அவர் விரலில் நான் ஊசி குத்தவே இல்லை. “உடம்பு எப்படி இருக்கு அண்ணே?” என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்! நமக்கென்னம்மா குறை? டீயைக் குடி, ஆறிடப் போகுது” என்றார். நம் ஊரில் சாகக் கிடப்பவரும் அதைத்தான் சொல்வார். அது தெரிந்தே ‘நோய் இல்லை’ என்று குறித்தேன். இறைவனைப் புகழ்ந்தவர் முன்னால் ஊசியை எடுக்கக் கூச்சம். அறுபது வீடுகளிலும் இதே கதை. நோயை வாய்விட்டுச் சொன்ன இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் எண்களை நானே இட்டு நிரப்பினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவரை உடனே இங்கே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டி வா. ஆனால் யாரிடமும் சொல்லாதே, என் வேலை போய்விடும்.

நஸீஹா

வாதி ஸைத்தூன், 9 மார்ச்

நஸீஹா,

அவர் கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். அப்போதும் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

உன் கடிதத்தைக் கூஸ்கூஸ் ரவை டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். இப்போது எனக்கும் சேர்த்து வெட்கம். மீதி ஐம்பத்தொன்பது வீட்டிலும் எத்தனை பேருக்குப் புண் ஆறாமல் இருக்கிறதோ! நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

மப்ரூகா

ஸ்ஃபாக்ஸ், 17 மார்ச்

மப்ரூகா,

எல்லாவற்றையும் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போயிற்று. அடுத்த வாரம் மறுபடி சோதிக்க ஆட்கள் வருகிறார்கள். கெஞ்சி நானும் வருகிறேன். ஒவ்வொரு வாசலிலும் நான் செய்ததை நானே சொல்ல வேண்டும். உன் வீட்டுக்குள் விடுவாயா? நீ எப்படி இருக்கிறாய்?

நஸீஹா

வாதி ஸைத்தூன், 21 மார்ச்

நஸீஹா,

வா. முதலில் ஊசி. அப்புறம் டீ கொடுப்பேனா என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். நான் நன்றாக இல்லை. இந்த முறை இதையாவது அப்படியே எழுதிக்கொள்.

மப்ரூகா